நோட்டை மூடினால் கை ஏன் நிற்கிறது?
கிட்டார் கேள்வி – பதில்

நைலான் தந்தி கிட்டாரில் கிளாசிக்கல் பாடம் படிக்கிற வாசகர்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பாளையங்கோட்டை, அம்பை, நாசரேத் என்று ஊர்தான் வேறு, குறை ஒன்றுதான். நோட்டை, அதாவது எழுதிய இசைக்குறிப்பைப் பார்த்தால் வாசிக்க வருகிறது, நினைவில் நிற்க மாட்டேன் என்கிறது.

கே: 32 பார் (தாளக் கட்டம்) உள்ள ஒரு சின்னப் பாடத்தை இரண்டு மாதமாகத் தினமும் வாசிக்கிறேன். முதலிலிருந்து கடைசி வரை பத்துத் தடவையாவது ஓட்டுவேன். முதல் பாதி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். 19ஆம் பாருக்குப் பக்கத்தில் கை நின்றுவிடுகிறது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினால் சில நாள் தாண்டுகிறது, சில நாள் இல்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவோ?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

ப: ஞாபகசக்தியில் கோளாறு இல்லை, கணக்கில்தான் கோளாறு. 19இல் நின்று ஒவ்வொரு முறையும் முதலுக்குத் திரும்பினால், முதல் 18 பார் பத்துத் தடவை வாசிக்கப்படுகிறது. கடைசி எட்டுப் பார் இரண்டு மூன்று தடவைதான், அதுவும் கையும் மனசும் களைத்த பிறகு. தெரிந்ததையே இரண்டு மாதமாகப் படித்திருக்கிறீர்கள்.

இன்னொன்று: உங்களிடம் இருப்பது சங்கிலி ஞாபகம். ஒரு விரலசைவு அடுத்த விரலசைவை இழுத்துக்கொண்டு வருகிறது. ஏழாம் வாய்ப்பாட்டை 'ஓரேழு ஏழு' என்று தொடங்கினால் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் 'ஏழெட்டு எத்தனை?' என்று நடுவில் கேட்டால் முழிக்குமே, அதே கதை. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மிச்சம் அத்தனையும் தரையில்.

அதனால் பாடத்தை வெட்டுங்கள். 32 பாரை நான்கு நான்காக எட்டுத் துண்டு. கத்தரிக்கோல் வைத்ததுபோல் சரியாக நான்கில்தான் வெட்ட வேண்டும் என்பதில்லை. ராகம் (மெட்டு) மூச்சு வாங்குகிற இடத்தில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டோடும் அடுத்த துண்டின் முதல் ஸ்வரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை விட்டால் துண்டுகள் தனித்தனியாக நன்றாக வரும், ஒட்டுகிற இடத்தில் எல்லாம் விக்கும்.

கடைசித் துண்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் கிட்டாரைத் தொடாமல் ஒரு நிமிடம் நோட்டைப் பாருங்கள்: என்ன கார்ட் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு), இடது கை எந்த ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பிக் கட்டம்), பேஸ் (கீழ்க்குரல்) ஏறுகிறதா இறங்குகிறதா. பிறகு தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40இலோ 50இலோ வைத்து, நோட்டைப் பார்த்தே மூன்று தடவை பிழையில்லாமல். மூன்றும் சரியாக வரவில்லை என்றால் துண்டு பெரிது. இரண்டு பாராகக் குறையுங்கள். வந்துவிட்டால் நோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசியுங்கள். நின்ற இடத்தில் விரலால் துழாவக் கூடாது. துழாவும்போது விழுகிற தப்பு ஸ்வரமும் ஞாபகத்தில் சேர்ந்துகொள்ளும், பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பத்து விநாடி யோசியுங்கள். வராவிட்டால் அந்த இடத்தை மட்டும் நோட்டில் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்துவிடுங்கள்.

பார்க்காமல் இரண்டு தடவை வந்ததும் அந்தத் துண்டை விட்டுவிட வேண்டும். பலரும் இங்கேதான் தப்புச் செய்கிறார்கள்; 'வந்துவிட்டது, இன்னும் இருபது தடவை அடித்து உறுதியாக்கிவிடுவோம்' என்று உட்காருகிறார்கள். அந்த இருபதில் மூளைக்கு வேலையே இல்லை. பத்து நிமிடம் வேறு துண்டைப் பார்த்துவிட்டு, பாதி மறந்த நிலையில் இதற்குத் திரும்பி வாருங்கள். அப்போது தேடி எடுக்கிற கஷ்டம் இருக்கிறதே, மனப்பாடம் அங்கேதான் நடக்கிறது.

நாளுக்கு இரண்டு துண்டு போதும். மறுநாள் உட்கார்ந்ததும் முதல் வேலை, நேற்றையதை நோட்டைப் பார்க்காமல் முயல்வது. பாதி போயிருக்கும், பதற வேண்டாம். நேற்றுப் பிடித்த நேரத்தில் கால்வாசியில் திரும்ப வந்துவிடும். பிறகு ஏழும் எட்டும் சேர்த்து, அடுத்து ஆறு-ஏழு-எட்டு என்று பின்னாலிருந்து கோத்துக்கொண்டு வாருங்கள். இப்படிக் கோத்தால், வாசிக்க வாசிக்க நன்றாகத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவீர்கள். முன்னாலிருந்து கோத்தால் நேர் எதிர். பத்துப் பன்னிரண்டு நாளில் முழுப்பாடமும் நிற்கும்.

அந்த 19ஆம் பாருக்கு வருவோம். அதற்கு முன்னே அதேபோல இன்னொரு பார் இருக்கிறதா என்று நோட்டில் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். முதல் தடவை ஒரு பக்கம் திரும்புகிற ராகம், இரண்டாம் தடவை ஒரே ஒரு ஸ்வரம் மாறி வேறு பக்கம் திரும்பும். கைக்கு இரண்டும் ஒன்றுதான். முச்சந்தியில் நின்று முழிக்கிறது. இரண்டு பாரையும் அடுத்தடுத்து வாசித்து, வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'முதல் தடவை வெறும் சி, இரண்டாம் தடவை சி ஷார்ப்'. வாயால் சொன்ன வித்தியாசம் விரலுக்கு வழி காட்டும்.

கே: டிரினிட்டி (லண்டன் டிரினிட்டி கல்லூரி) கிரேடு இசைத் தேர்வில் நோட்டுப் பார்க்காமல் வாசித்தால் கூடுதல் மதிப்பெண் உண்டா?
– மேலப்பாளையம் வாசகர்

ப: கிடையாது. மனப்பாடமாக வாசிக்கலாம், கட்டாயமில்லை. அதற்கென்று தனி மதிப்பெண்ணும் இல்லை. ஆனாலும் ஃபிரெட்போர்டில் கை தாவுகிற இரண்டு மூன்று இடங்களையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் கண் கையில் இருக்க வேண்டும், நோட்டில் இருக்க முடியாது.

கே: புத்தகத்தில் ஒரு ஃபிங்கரிங் (எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்பது), யூடியூபில் வேறு, சார் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. மூன்றையும் மாற்றி மாற்றி வாசிப்பதால் மனப்பாடம் ஆகவில்லையோ என்று சந்தேகம்.
– அம்பாசமுத்திரம் வாசகர்

ப: சந்தேகமே வேண்டாம், அதுதான் காரணம். பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு கட்டைதான். கிட்டாரில் அப்படியில்லை. முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வருகிற 'இ' இரண்டாம் தந்தியில் 5ஆம் ஃபிரெட்டிலும், மூன்றாம் தந்தியில் 9இலும், நான்காம் தந்தியில் 14இலும், ஐந்தாம் தந்தியில் 19இலும் இருக்கிறது. ஒரே ஸ்வரம், ஐந்து வீடு. எந்த வீடு, எந்த விரல் என்பதை முடிவு செய்யாமல் மனப்பாடத்தில் இறங்கினால், மேடையில் இரண்டு வழி ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வரும்; கை இரண்டுக்கும் நடுவில் விழும்.

முதல் இரண்டு நாள் மனப்பாடமே வேண்டாம். பென்சிலோடு உட்கார்ந்து ஃபிங்கரிங்கை முடியுங்கள். இடது கைக்கு 1 முதல் 4 வரை எண், தந்திக்கு வட்டத்துக்குள் எண், பொசிஷனுக்கு (கை நிற்கிற ஃபிரெட்டுக்கு) ரோமன் எண். எல்லா ஸ்வரத்துக்கும் எழுதினால் நோட்டு கருத்துப்போய்ப் படிக்க முடியாது. கை இடம் மாறுகிற இடம், பாரே (ஒரே விரலைப் பல தந்திகளின் மேல் படுக்க வைத்து அழுத்துவது) தொடங்குகிற இடமும் விடுகிற இடமும், தந்தியை விட்டு எடுக்காமல் அப்படியே நகர்த்த வேண்டிய விரல், இவ்வளவு போதும். முடிவு செய்யுமுன் அந்தத் துணுக்கை மட்டும் உண்மையான வேகத்தில் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிடுங்கள். மெட்ரோனோம் 50இல் சொகுசாக இருக்கிற ஃபிங்கரிங் 90இல் கழுத்தறுக்கும்.

வலது கையைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. பி, ஐ, எம், ஏ என்ற நான்கெழுத்து பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலுக்கான ஸ்பானிஷ் பெயர்களின் முதலெழுத்து. ஸ்கேல் (ஆரோகண அவரோகண வரிசை) போல ஓடுகிற இடத்தில் ஐ-எம், ஐ-எம் என்று மாறி மாறி வர வேண்டும். எங்கேயோ ஐ இரண்டு தடவை வந்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். இன்றைக்கு ஐயில் தொடங்கி நாளைக்கு எம்மில் தொடங்கினால் கைக்கு அது இரண்டு வேறு பாடம். 'இடது கை மறந்துவிட்டது' என்று நினைக்கிற பல இடங்களில் உண்மையில் தடுக்கி விழுந்தது வலது கை.

யூடியூபில் வாசிப்பவரின் ஃபிங்கரிங் அவர் கைக்கு. வழக்கமான கிட்டாரில் தந்தியின் அதிர்கிற நீளம் 650 மில்லிமீட்டர். நீளக் கைக்கு எட்டுவது உங்களுக்கு எட்டாமல் போகலாம். சார் உங்கள் கையைப் பார்த்துச் சொல்கிறார். சந்தேகம் வந்தால் சார் பக்கம் சாயுங்கள்.

கே: எட்டு வருடம் வாய்ப்பாட்டு படித்தவள். கீர்த்தனை ஒன்று நான்கு நாளில் பாடமாகிவிடும். கிட்டாரில் ஒரு பக்கம் ஒரு மாதம் ஆகிறது. பாட்டில் படித்தது இதற்கு உதவாதா?
– கல்லிடைக்குறிச்சி வாசகி

ப: நன்றாக உதவும், நீங்கள் அதைக் கொண்டுவராமல் வாசலிலேயே விட்டுவிட்டீர்கள். பாட்டு வகுப்பில் எப்படிப் பாடம் ஏறியது? டீச்சர் ஒரு சங்கதி பாடுவார், நீங்கள் திருப்பிப் பாடுவீர்கள். கண்ணுக்கு முன்னால் காகிதம் இல்லை. ஒவ்வொரு தடவையும் காதில் விழுந்ததை நினைவிலிருந்து எடுத்துப் பாடியாக வேண்டும். கிட்டாரில் நோட்டு எப்போதும் எதிரே இருப்பதால் எடுக்கிற வேலையே இல்லாமல் போயிற்று.

ஒரு உதாரணம். கிட்டார் படிக்கிற எல்லோரும் ஆசைப்படுகிற ஸ்பானிஷ் ரொமான்ஸ், முதல் பகுதி. மூன்று எண்ணிக்கைத் தாளம், ஒவ்வொரு எண்ணிக்கையிலும் மோதிர விரல், நடுவிரல், ஆட்காட்டி விரல் என்று மூன்று மீட்டு. பாருக்கு ஒன்பது ஸ்வரம் வீதம் 16 பாருக்கு ஏறக்குறைய 140. இதைத் தனித்தனி ஸ்வரமாக மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் ஒரு மாதம் என்ன, இரண்டு மாதமும் ஆகும். ஆனால் ராகம் முழுவதும் முதல் தந்தியில், மோதிர விரலில் மட்டுமே வருகிறது. திறந்த தந்தியை ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள்:

ப ப ப | ப ம க | க ரி ஸ | ஸ க ப | மேல் ஸ ஸ ஸ | ஸ நி த | த ப ம | ம ப த |
ப த ப | நி த ப | ப ம க | க ரி ஸ | ரி ரி ரி | ரி க ரி | ஸ ஸ ஸ | ஸ

உங்களுக்கு இது பத்து நிமிட வேலை. ஃபிரெட் எண்ணும் இதிலேயே இருக்கிறது: ஸ திறந்த தந்தி, ரி 2, க 3, ம 5, ப 7, த 8, மேல் ஸ 12. நிஷாதத்தில் மட்டும் கவனம். 6ஆம் பாரில் வருவது கைசிகி, 10ஆம் ஃபிரெட். 10ஆம் பாரில் வருவது காகலி, 11ஆம் ஃபிரெட். நடபைரவியாகப் போய்க்கொண்டிருந்தது அந்த ஒரு இடத்தில் கீரவாணியாகிறது. எல்லோரும் தடுமாறுகிற பாரும் அதுதான்; ஆட்காட்டி விரல் 7ஆம் ஃபிரெட்டில் பாரேயாகப் படுத்திருக்க, சுண்டுவிரல் 11க்கு எட்ட வேண்டும். 'இங்கே காகலி' என்று காது முன்கூட்டியே கேட்டுவிட்டால் சுண்டுவிரல் தயாராக இருக்கும்.

கீழே இருக்கிற கார்டுகளும் கொஞ்சம்தான். முதல் ஆறு பார் இ மைனர். 7, 8 இரண்டும் 5ஆம் ஃபிரெட்டில் பாரே போட்ட ஏ மைனர். 9, 10 இரண்டும் 7ஆம் ஃபிரெட்டில் பாரே போட்ட பி செவன். பிறகு மறுபடி இ மைனர். 13, 14 பி செவன், 15இல் இ மைனருக்கு வந்து முடிவு. ஆக 140 ஸ்வரம் என்பது ஒரு வரி ராகமும் மூன்று கார்டும். இரண்டாம் பகுதி இ மேஜர். ஸட்ஜமம் அதேதான், சங்கராபரணமாக மாறுகிறது.

பாட்டிலிருந்து வராத விஷயமும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு குரல் ஓடுவது நம் சங்கீதத்தில் பழக்கமில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் இ மைனர் பூரே (ஒரு நடன இசை) போன்ற பாடத்தில் மேலே ஒரு ராகம், கீழே பேஸில் இன்னொரு ராகம். உங்கள் காது தன்னாலே மேலே உள்ளதைப் பிடித்துக்கொள்ளும், கீழ்க்குரலை விரல் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும், அங்கேதான் அறுந்துபோகும். கீழ்க்குரலைத் தனியாக வாசித்து, தனியாகப் பாடி, பிறகு மேல்குரலை வாசித்துக்கொண்டே கீழ்க்குரலைப் பாடுங்கள். இரண்டு பார் வந்தாலே அன்றைக்குப் போதும். கடினமான பயிற்சி இது. வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடிப் பழகியவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள்.

கே: டேப் பார்த்துப் படிப்பதா, ஸ்டாஃப் நோட்டேஷனா? மனப்பாடத்துக்கு எது நல்லது?
– வள்ளியூர் வாசகர்

ப: டேப் என்பது தந்தியையும் ஃபிரெட் எண்ணையும் காட்டுகிற குறிப்பு, ஸ்டாஃப் என்பது ஐந்து கோட்டில் ஸ்வரத்தை எழுதுகிற குறிப்பு. டேப் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும். எந்த ஸ்வரம் ராகத்தைச் சேர்ந்தது, எது பேஸ், எதை எவ்வளவு நேரம் ஒலிக்க விட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. இந்த மூன்றும் தெரியாமல் மனப்பாடம் செய்வது அர்த்தம் தெரியாத மந்திரத்தை உருப்போடுவதுதான். ஒரு எழுத்து விட்டுப்போனால் யூகித்து நிரப்ப முடியாது. ஸ்டாஃப் நோட்டேஷனைப் படியுங்கள், ஃபிரெட் சந்தேகம் வந்தால் மட்டும் டேப்பை எட்டிப் பாருங்கள்.

கே: தினமும் நாங்குநேரியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். அந்த நேரத்தில் கிட்டார் இல்லாமல் ஏதாவது படிக்க முடியுமா?
– நாங்குநேரி வாசகர்

ப: ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கண்ணை மூடி, பாடத்தை மெதுவாக மனசுக்குள் வாசியுங்கள். ஒலி கேட்க வேண்டும், இடது கை எந்த ஃபிரெட்டில் என்று தெரிய வேண்டும், வலது கையில் எந்த விரல் என்றும் தெரிய வேண்டும். எங்கே படம் மங்குகிறதோ அங்கேதான் கையும் நிற்கப்போகிறது. அந்தப் பாரின் எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்குங்கள். சாயங்காலம் கிட்டாரை எடுத்ததும் அதை மட்டும் சரிசெய்தால் போதும். முதல் வாரம் நான்கு பாருக்கு மேல் போகாது. பிறகு பழகிவிடும். பாட்டை இயர்போனில் கேட்டுக்கொண்டே இதைச் செய்யாதீர்கள், அப்போது யோசிப்பது இயர்போன்தான்.

கே: வீட்டில் நோட்டே இல்லாமல் பிழையில்லாமல் வாசிக்கிறேன். போன டிசம்பரில் கோயிலில் கேரல் சர்வீஸில் தனியாக வாசிக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரேயடியாக மறந்து, எழுந்து வந்துவிட்டேன். இந்த வருடமும் கேட்கிறார்கள். என்ன செய்ய?
– நாசரேத் வாசகர்

ப: திருச்செந்தூர் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் ஏறத் தவறினால் செய்துங்கநல்லூரில் ஏறலாம், ஸ்ரீவைகுண்டத்தில், ஆழ்வார்திருநகரியில், உங்கள் நாசரேத்தில், குரும்பூரில், எங்கே வேண்டுமானாலும் ஏறலாம். உங்கள் பாடத்துக்குத் திருநெல்வேலியில் மட்டும்தான் ஸ்டேஷன் இருக்கிறது. இறங்கிவிட்டால் மறுபடி அங்கே போய்த்தான் ஏற வேண்டும். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நடக்காது.

பாடத்தில் எட்டு இடத்தைத் தேர்ந்தெடுத்து 1 முதல் 8 வரை எண் போடுங்கள். புதுவரி தொடங்குகிற இடம், கார்ட் மாறுகிற இடம், பாரே விழுகிற இடம் என்று அடையாளமுள்ள இடமாக இருக்கட்டும். வீட்டில் தம்பியோ தங்கையோ யாராவது ஒருவர் 'ஐந்து', 'இரண்டு', 'எட்டு' என்று மாற்றி மாற்றிக் கூப்பிட, மூன்று விநாடிக்குள் அந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். எட்டும் இப்படி வருகிறவரை அந்தப் பாடம் மேடைக்குத் தயாரில்லை என்றே நான் சொல்லுவேன்.

அடுத்த சோதனை, பாதி வேகம். 80இல் வாசிக்கிற பாடத்தை மெட்ரோனோம் 40இல் நோட்டில்லாமல் வாசியுங்கள். சுலபம் என்று தோன்றும், உட்கார்ந்து பாருங்கள். விரல் பழக்கம் வேகத்தின் உந்துதலில் ஓடுவது. வேகத்தை எடுத்துவிட்டால் அடுத்த ஸ்வரம் என்ன என்று தலைக்குத் தெரிந்திருந்தால்தான் கை நகரும். 40இல் அறுகிற இடமெல்லாம் மேடையில் அறுவதற்குக் காத்திருக்கிற இடம்.

வீட்டில் 'பிழையில்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது எத்தனையாவது தடவை? பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது. கேரல் சர்வீஸில் உங்களுக்குக் கிடைப்பது ஒரே தடவை, அதுவும் கை சூடேறாமல், அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு. அதையே ஒத்திகை பாருங்கள். நாளுக்கு ஒரு தடவை மட்டும், காலையில் எழுந்து கிட்டாரை எடுத்ததும், போனில் வீடியோவை ஓடவிட்டு, நின்றாலும் நிறுத்தாமல் கடைசி வரை. நாற்காலியை மாற்றுங்கள், அறையை மாற்றுங்கள். ஃபுட்ஸ்டூல் (கால் வைக்கிற சின்ன மணை) நீங்கள் பழகியதையே கொண்டுபோங்கள். உயரம் இரண்டு சென்டிமீட்டர் மாறினாலும் கிட்டார் கழுத்தின் சாய்வு மாறி, ஃபிரெட்போர்டு கண்ணுக்குப் புதிதாகத் தெரியும்.

அன்றைக்கு உட்கார்ந்ததும் உடனே தொடங்காதீர்கள். பாடத்திலேயே கஷ்டமான இரண்டு பாரை மனசுக்குள் பாடி, அந்த வேகத்தில் முதல் பாரைத் தொடங்குங்கள். படபடப்பில் எல்லோரும் வழக்கத்தைவிட வேகமாகத் தொடங்கிவிடுகிறார்கள். கஷ்டமான இடம் வரும்போது கை தாங்குவதில்லை. அப்படியும் அறுந்தால் பின்னால் போகக் கூடாது. பெருவிரலால் பேஸை மட்டும் தாளத்தில் தட்டிக்கொண்டே அடுத்த ஸ்டேஷனில் ஏறிவிடுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த கால்வாசியும் கொயரில் நின்று இதையெல்லாம் பட்டவர்கள்தான், காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

கே: இரண்டு வருடத்தில் ஆறு பாடம் மனப்பாடம் செய்தேன். ஏழாவதைப் படித்து முடிக்கும்போது முதல் நான்கும் போய்விட்டன. பழசைப் பிடித்து வைக்க வழி?
– சங்கரன்கோவில் வாசகர்

ப: போகத்தான் செய்யும். ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறப்பதை அளந்து, 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும் மடமடவென்று மறக்கிறது, பிறகு மெதுவாக மறக்கிறது. திரும்பப் படித்தால் முதல் தடவையைவிடக் குறைந்த நேரம் பிடிக்கிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள் இடைவெளி விட்டுப் படித்தது நிற்கிறது. கிட்டாருக்கும் இது பொருந்தும்.

புதிதாகப் பாடமான ஒன்றை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என்று தொடுங்கள். ஒவ்வொரு தடவையும் நோட்டில்லாமல் ஒரு முறை, உடனே நோட்டைப் பார்த்து மெதுவாக ஒரு முறை. இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். மனப்பாடமான பாடத்தில் பிழை சத்தமில்லாமல் நுழையும்: ஒரு பேஸ் ஸ்வரம் உதிரும், ஒரு மௌனம் சுருங்கும், நமக்கே தெரியாது. பதினைந்தாம் நாள் தடுமாறினால் ஏழாம் நாளுக்கு இறக்கிவிட்டு அங்கிருந்து எண்ணுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் பாடத்தின் பெயர், தொட்ட தேதி, அறுந்த பார் எண், மூன்று பத்தி போதும்.

போன நான்கையும் ஒரே வாரத்தில் மீட்க முயல வேண்டாம். பிடித்த ஒன்றை எடுங்கள். மூன்று நான்கு நாளில் வந்துவிடும். எல்லாப் பாடத்தையும் ஆயுசுக்கும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. உயிரோடு நான்கைந்து இருந்தால் வீட்டுக்கு வருகிறவர் 'ஒன்று வாசியேன்' என்றால் வாசிக்கலாம். மிச்சத்தைத் தூங்க விடுங்கள்.

கே: வயது 52. டவுனில் மளிகைக் கடை. இரவு கடை அடைத்துவிட்டு வந்தால் 40 நிமிடம் கிடைக்கும். மூன்று வருடமாகப் படிக்கிறேன், நோட்டில்லாமல் ஒன்றும் வரவில்லை. இந்த வயசுக்கு மேல் முடியுமா?
– திருநெல்வேலி டவுன் வாசகர்

ப: முடியும் அண்ணாச்சி. கடையில் எந்தச் சரக்கு எந்த அலமாரியில், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் தலையில்தானே இருக்கிறது. அந்த நாற்பது நிமிடத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள்.

உட்கார்ந்ததும் ஐந்து நிமிடம், நேற்றுப் படித்த துண்டு, நோட்டில்லாமல். ஸ்கேலில் தொடங்கினால் அதிலேயே இருபது நிமிடம் ஓடிவிடும். அடுத்து பன்னிரண்டு நிமிடம் புதிய துண்டு, இரண்டு பாருக்கு மேல் வேண்டாம். பிறகு ஐந்து நிமிடம் ஸ்கேலோ ஆர்பெஜியோவோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது). இது கைக்குப் பயிற்சி, தலைக்கு ஓய்வு. மறுபடி பன்னிரண்டு நிமிடம் அதே புதிய துண்டு, இந்தத் தடவை நோட்டைக் கவிழ்த்து. கடைசி ஆறு நிமிடம் தெரிந்த பழைய பாடம், சந்தோஷத்துக்கு. முடித்துவிட்டுப் படுக்கப் போவதும் நல்லதே. படித்தது தூக்கத்தில்தான் படிந்து உறுதியாகிறது. போனைக் கையில் எடுக்காமல் படுத்தால்.

பாடமும் சிறியதாக இருக்கட்டும். ஸ்பானிஷ் கிட்டார் இசையமைப்பாளர் தர்ரேகாவின் லாக்ரிமா எழுத்தில் 16 பார்தான்: எட்டுப் பார் இ மேஜர், எட்டுப் பார் இ மைனர், பிறகு முதலுக்குத் திரும்பி முடிகிறது. நாளுக்கு இரண்டு பார் என்றாலும், மறுபார்வைக்கு நாள் ஒதுக்கி மூன்று வாரத்தில் கைக்குள் வந்துவிடும். மூன்று பக்கப் பாடத்தை எடுத்துக்கொண்டு மூன்று வருடம் மல்லுக்கட்டுவதைவிட இது மேல்.

கே: மகளுக்கு 9 வயது. எல்லோரும் மனப்பாடம் ஆகவில்லை என்கிறார்கள், இவளுக்கு நேர்மாறு. சார் இரண்டு தடவை வாசித்துக் காட்டினால் அப்படியே வாசித்துவிடுகிறாள். ஆனால் நோட்டைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள். திட்டினால் அழுகிறாள்.
– ஒரு தாய், களக்காடு

ப: திட்டாதீர்கள் அம்மா. நல்ல காதும் நல்ல கண்ணும் இருக்கிறது; சார் கையைப் பார்த்தே பிடித்துவிடுகிறாள். பெரிய பாடம் வரும்போதுதான் சிக்கல். இரண்டு பக்கத்தைப் பார்த்துப் பிடிக்க முடியாது, அதற்குள் நோட்டுப் படிக்கிற பழக்கம் மற்றப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருக்கும்.

அவள் வாசிக்கிற பாடத்தின் நோட்டைக் காட்டிப் பயனில்லை, அது ஏற்கெனவே மனப்பாடம், பார்ப்பதுபோல நடிப்பாள். இதுவரை கேட்டே இராத, அவள் தரத்துக்கு இரண்டு படி கீழான, நான்கு பார் துணுக்கு ஒன்றைத் தினமும் கொடுங்கள். யாரும் முன்னால் வாசித்துக் காட்டக் கூடாது. தாளத்தைக் கைதட்டி எண்ணிவிட்டு, மெதுவாக ஒரே தடவை வாசிக்கட்டும். தப்பு வந்தாலும் நிற்காமல் முடிக்கட்டும். மறுநாள் வேறு துணுக்கு. பழசைத் திரும்பக் கொடுத்தால் மனப்பாடமாகிவிடும், இவள் விஷயத்தில் அதுதான் கூடாது. ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். அது முடிந்ததும் அவளுக்குப் பிடித்ததை இஷ்டம்போல் வாசிக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.